தோல் கலர்

டயனா சவப்பெட்டிக்குள் குனிந்து அக்காவின் கன்னத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளஞ்சிவப்பு. பிறந்தநாள் கேக்கில் பூசுகிற ஐசிங் மாதிரி, நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே பூச்சு. பவுடரும் சென்ட்டும் கலந்த வாடை மூக்கில் அடித்தது.

அக்கா யூஜீனியா நல்ல கறுப்பு. ஐம்பத்திரண்டு வயதில், முந்தாநாள் காலை, மாரடைப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது. பாலர் பாடசாலை டீச்சர். ஒவ்வொரு டிசம்பர் லீவிலும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளைச் சேர்த்து நிற வகுப்பு நடத்துவாள். கண்ணைக் கட்டிவிட்டுக் கருவாட்டை மணக்கக் கொடுப்பாள், மாங்காயைக் கடிக்கக் கொடுப்பாள், ஈர மணலில் கையைப் புதைக்கச் சொல்வாள். பிறகு அது என்ன நிறமென்று தீட்ட வேண்டும். உப்பைச் சிவப்பாகத் தீட்டிய பிள்ளைக்கும் கைதட்டு உண்டு. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு ஆகாது. பெஸ்டல் வண்ணப் பெட்டியில் பிள்ளைகள் 'தோல் கலர்' என்று சொல்கிற இளஞ்சிவப்புக் குச்சியை முதல் நாளே பிடுங்கி எடுத்துவிடுவாள்.

"இது ஆர்ர தோல்? உங்கட கைய மணந்து பாருங்க, தொட்டுப் பாருங்க. பொறகு அந்தக் கலரக் கலக்குங்க" என்பாள்.

அந்த முகத்துக்கா இந்தப் பூச்சு?

பெட்டியின் தலைமாட்டில் பக்கத்து வீட்டுக் கத்தரினா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம், "புள்ளைட வாயில கண்ட குப்பையையும் வைக்கிறாள் பைத்தியம்" என்று ஊரெல்லாம் கேட்கக் கத்தி, மகளை வகுப்பிலிருந்து இழுத்துப்போனவள் இவள்தான். இப்போது மூக்கைச் சிந்திவிட்டு, "எவ்வளவு வடிவா இருக்கிறா பாருங்க. உசிரோட இருக்கக்குள்ள இந்த வடிவு இல்லையே" என்றாள். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். டயனாவுக்கு அந்தக் கூட்டத்தையே வாரிக் கடலில் கொட்டலாம் போலிருந்தது.

இது அண்ணனின் வேலைதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். சிலாபத்தில் கௌரவமாக வாழ்கிற லோறன்ஸ் அண்ணனுக்குக் கறுத்த தங்கச்சி எப்போதுமே கூச்சம். முற்றத்தில் கூடாரத்தின் கீழே நின்றவரிடம் போனாள்.

"அக்காவ வெள்ளையாக்கச் சொன்னது நீங்கதானே?"

"எனக்கென்ன விசரா? நான் பெட்டிக்கு மட்டுந்தான் கதைச்சன். போய் சஜீவனக் கேளு."

சவத்தை அலங்கரித்த மலர்ச்சாலைக்காரன் சஜீவன் பூவளையங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் பயந்துபோய்த் தன் போனை நீட்டினான்.

"நீங்க அனுப்பின படத்தப் பாத்துத்தான் மிஸ் செஞ்சன். அச்சொட்டா வந்திருக்கே."

ஓம், அவள்தான் அனுப்பியிருந்தாள். அவளுடைய போன் எந்த முகத்தையும் தானாகவே வெளுப்பாக்கித் தரும். இருந்த மூன்று படங்களில், இதில்தான் அக்கா நல்ல வெளிச்சமாக இருக்கிறாள் என்று தேடி எடுத்ததும் அவள்தான். கத்தரினாமீது வந்த அருவருப்பு முழுவதும் டயனாமீதே திரும்பியது.

நாலு மணிக்குப் பெட்டி மூட வேண்டும். வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்த எத்தாளை ஊர்ச் சிறுமி அஸ்னா, டீச்சர் பழக்கிய மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு குனிந்து மணந்து பார்த்தாள்.

"இது டீச்சர் இல்ல" என்றாள். "பவுடர்."

டயனா அடுப்படிக்குப் போய் ஒரு பேசின் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்தாள்.

"என்னடி செய்யப் போறாய்? ஃபாதர் வாற நேரம்!" லோறன்ஸ் கையைப் பிடித்தார்.

"விடுங்க அண்ணா."

அவள் துடைத்தாள். துணி இளஞ்சிவப்பானது, தண்ணீரும் அப்படியே. கத்தரினாவின் ஒப்பாரி நின்றுவிட்டது. நெற்றி, மூக்கு, கன்னம் என்று துடைக்கத் துடைக்க அக்கா வெளியே வந்துவிடுவாள் என்றுதான் அவள் நம்பினாள். வரவில்லை. கீழே இருந்தது அக்காவின் கறுப்பு இல்லை. மஞ்சளும் சாம்பலும் கலந்த ஏதோ ஒன்று இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தாள். அது மாறவில்லை.

அஸ்னா எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன கலர், மிஸ்?"

டயனா துணியைப் பேசினில் போட்டுவிட்டுச் சற்று விலகி நின்றாள். அஸ்னா கண்ணை மூடிக்கொண்டு டீச்சரின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். வாசலில் ஃபாதரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவுமில்லை.