இடது கன்னம்

யாவர் பேக் தக்காணப் போரில் இறந்து நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள், அவன் தாய் மாஹ்பானு ஆக்ராவில் ஓவியர் சித்தூமல் வீட்டுப் படியேறினாள். அரண்மனைச் சித்திர ஏட்டுக்காக அவள் மகனின் முகத்தை எழுதியவர் அவர்தான். ஏடு பாதுஷாவின் நூலகத்தில் பூட்டிக் கிடக்கிறது; சாமானியர் கண்ணில் படாது. ஆனால் எழுதிய முகத்தை ஊசியால் குத்தி எடுத்த மான்தோல் படியை ஓவியர்கள் வைத்திருப்பார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

சித்தூமல் மறுக்கவில்லை. அடியில் இருப்பது தெரியும் அந்த மெல்லிய தோலைத் தாளின் மேல் விரித்து, கரித்தூள் முடிந்த துணியால் தட்டினார். புள்ளி புள்ளியாக மகன் வந்தான். அதே மூக்கு, அதே பிடிவாதக்கார மோவாய். மாஹ்பானு வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், வலது கன்னம்.

"இடது பக்கம் எழுதலையா உஸ்தாத்? தழும்பு அங்கதான் இருக்கும்."

மூன்று வயதில் அவன் அடம்பிடித்தபோது, ஆத்திரத்தில் சூடான அடுப்பு இடுக்கியை வீசியவள் அவள்தான். அவனோ அதைச் சொல்லிச் சொல்லியே ஆயுசு முழுக்க அவளைக் கிண்டல் செய்தான். போருக்குக் கிளம்பிய அன்றும் அந்த இடத்தைக் காட்டித்தான் முத்தம் கேட்டான்.

"அரண்மனைப் படத்துல ஆளுக்கு ஒரு கன்னந்தாம்மா. அவரு உக்காந்த பக்கத்தத்தான் நான் பாத்தேன்."

பொன்னைக் கரைத்து ஏட்டின் ஓரம் தீட்டச் சொல்கிற மகாராசர்கள், மனிதனுக்குப் பாதி முகம் போதும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். யார் கேட்பது?

ஏட்டில் எதிரெதிர்ப் பக்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால் தோலைப் புரட்டிப் போடுவது வழக்கம். சித்தூமல் அப்படியே புரட்டி, புதுத் தாளில் தட்டினார். மகன் இந்தப் பக்கம் திரும்பினான். இடது கன்னம் வெறுமையாக இருந்தது.

"எந்த எடம்னு தொட்டுக் காட்டுங்கம்மா. வச்சிடறேன்."

மாஹ்பானு கண்ணுக்குக் கீழே விரலை வைத்தாள். இல்லை, காதோரம். இல்லையில்லை, இன்னும் கொஞ்சம் கீழே. விரல் அலைந்தது. அவள் கையை எடுத்தபோது கன்னமும் இல்லை, மோவாயும் இல்லை. கரி ஈஷிய தாள்தான் இருந்தது.

"சுட்டவ நானு. எனக்கே எடம் தெரியலையே."

சித்தூமல் இன்னொரு தாளை எடுத்து, தோலை விரித்துத் தட்டினார். மகன் மறுபடி வந்தான், இடது கன்னம் வெறுமையாக. மாஹ்பானு கரி படிந்த கையை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.