கைபேசி தின்ற மூளை

"கைபேசி உங்கள் மூளையைத் தின்கிறது" என்பது என் புகழ்பெற்ற சொற்பொழிவு. புகழ்பெற்றது என்பது என் சொந்தக் கணிப்பு. சியோலில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் போய், பெற்றவளின் எண்கூட மனப்பாடமாகத் தெரியாத தலைமுறை என்று பிள்ளைகளைக் காய்ச்சி எடுத்துவிட்டு வருவேன்.

அப்பேர்ப்பட்ட நான் தேஜோன் ஸ்டேஷனில் இறங்கிக் கோட்டுப் பையைத் தடவினேன். கைபேசி சீட்டிலேயே தங்கிவிட்டது. ரயில் பூசானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று மதியம் அந்த ஊரில், மகள் சோதாமை மணக்கப்போகிறவனின் வீட்டாரோடு முதல் விருந்து. அவளும் என் மனைவியும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். "அப்பா, நீங்க லேட்டா வந்தா இந்தக் கல்யாணம் உங்களுக்குப் பிடிக்கலன்னு நினைச்சு எழுந்து போயிடுவாங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லைதான். மாப்பிள்ளை கி-ஹான் கைபேசி விளையாட்டு தயாரிப்பவன். விரல் நுனியில் மட்டும் மூளை உள்ள பையன் என்று வீட்டில் சொல்வேன். ஆனால் சோதாம் அழுதால் எனக்குத் தாங்காது. விருந்து எந்த உணவகத்தில்? அதுவும் கைபேசியில்தான் இருந்தது.

காபிக் கடைப் பெண் தன் போனைக் கொடுத்தாள். என் எண் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அடித்துப் பார்த்தேன். யார் எடுப்பார்கள்? கொள்கைக்காக அதை எப்போதும் ஊமையாக்கி வைத்திருப்பவன் நான்.

"வீட்டம்மா நம்பருக்கு அடிங்க, பெரியவரே."

"பூஜ்யம், ஒண்ணு, பூஜ்யம்னு ஆரம்பிக்கும்மா..."

"நாட்டுல எல்லார் நம்பரும் அப்படித்தான் ஆரம்பிக்கும்!"

வேறு வழியில்லாமல் இணையத்தில் என் சொற்பொழிவு வீடியோக்கள் வரும் சேனலைத் தேடச் சொன்னேன். தலைப்பைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் பேச்சாளர். தேஜோன் ஸ்டேஷன் காபிக் கடையில் நிற்கிறேன். யாராவது வாருங்கள்" என்று அந்த வீடியோவின் அடியிலேயே எழுத வைத்தேன். மானம் கப்பலேறியது.

அரை டம்ளர் காபி குடிப்பதற்குள் கி-ஹான் ஓடிவந்தான். மறந்தே போனேன், அந்தச் சேனலை நடத்துவதே அவன்தான். எனக்கு வீடியோ ஏற்றத் தெரியாது.

"வாங்க மாமா, இன்னும் நேரமிருக்கு. யார்கிட்டயும் நான் மூச்சுவிடல."

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏம்ப்பா, உனக்கு எத்தனை நம்பர் மனப்பாடமாத் தெரியும்?"

"பத்து. நீங்கதானே பத்து நம்பராவது மனப்பாடம் பண்ணுங்கன்னு சொன்னீங்க? வீடியோவுல உங்க இருமலை வெட்டணும்னா பேச்சை முழுசாக் கேட்டாகணுமே மாமா." மூச்சுவிடாமல் ஒப்பித்தான். முதல் எண் சோதாமுடையது, அடுத்தது என் மனைவியுடையது. "எங்க, அத்தை நம்பரைச் சொல்லுங்க பாப்போம்."

உணவகம் வரை ஒப்பிக்க வைத்தான். வாசலில் எண்ணை மறுபடி கோட்டைவிட்டேன்.

விருந்தில் அவன் அப்பா என் கோப்பையை நிரப்பினார். "நல்ல விஷயம் பேசறீங்களாம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுதான் ஞாபகத்துல நிக்குது, சொல்லுங்க!"

கி-ஹான் தலையைக் குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். சோதாம் என்னையே பார்த்தாள்.

"உங்க பையனுக்கு நிக்குது. எனக்குத்தான் மூளை போயிடுச்சு" என்றேன்.

தன்னடக்கம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.