முப்பத்தெட்டாம் பக்கம்

நான்காம் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்வரை அது எனக்கு இன்னொரு ஃபைல்தான். அயர்லாந்தின் மேற்குக் கரையில், புல்வெளிகளுக்கு நடுவே கடலைப் பார்த்து நிற்கும் ஒரு கல் வீடு. வாங்குகிறவர் ஹ்யூஸ்டனில் இருக்கும் இந்தியர். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த செக்டர் ஃபைவில் எங்கள் அலுவலகத்துக்கு வேலையே இதுதான். எங்கோ இருக்கும் பணக்காரர்கள் வேறெங்கோ ஒரு விவசாய தேசத்தில் அழகான வீடு வாங்குவார்கள். அந்த வீட்டின் பத்திரங்களை நாங்கள் படித்து, அவர்களுக்குப் புரிகிற மாதிரி அறிக்கை எழுதித் தருவோம். நான் அந்த மண்ணை மிதித்ததில்லை. ஆனால் அங்கே எந்தக் கிணறு யாருக்குச் சொந்தம், எந்த வேலி எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்பதெல்லாம் தெரியும்.

ஜெய்ராம் வேதாந்தம். பழைய முகவரி என்ற இடத்தில் பவானிபூர் வீட்டின் எண். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். தெரிந்தவர்களின் ஃபைல் வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. டீம் லீடர் ப்ரியா இரண்டு மேஜை தள்ளித்தான் இருந்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டின் பின்பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்பாதியை ஜெய்ராம் விலைக்கு வாங்கினான். தெருவுக்குப் போகும் நடையும் பத்திரப்படி அவனுக்கே சேர்ந்தது. அதனால் என்ன, எப்போதும் போல் வந்து போங்கள் என்றான். கிரகப்பிரவேசத்துக்குப் பசு கிடைக்காமல் அவன் தவித்தபோது, அப்பாதான் விடியற்காலையில் போய், ஒரு பிகாரிப் பால்காரரிடம் கெஞ்சி, கன்றோடு ஒரு பசுவை டிராம் தண்டவாளத்தைத் தாண்டி நடத்திக்கொண்டு வந்தார். அது நடையிலேயே சாணி போட்டது. நல்ல சகுனம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு ஒன்பதாம் நாள் அப்பா நெஞ்சு வலியில் போய்விட்டார்.

பாடையைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்தோம். ஜெய்ராம் கேட்டருகே நின்றிருந்தான். குரலை உயர்த்தவில்லை.

"கோபு, தப்பா எடுத்துக்காதே. இப்பத்தான் ஹோமம் பண்ணின வீடு. பின்பக்கமா எடுத்துண்டு போயிடுங்கோ."

பிறகு கேட்டைச் சாத்தினான். பின்பக்கம் என்பது சாக்கடை ஓடுகிற சந்து. ஒரு ஆள் நடக்கிற அகலம். பாடையைச் சாய்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது. வழியில் கயிறு நெகிழ்ந்து அப்பாவின் ஒரு கை வெளியே வந்து சுவரில் உரசிக்கொண்டே வந்தது. கேவராதலா மயானம் போய்ச் சேரும்வரை அவருடைய முழங்கையில் ஒட்டியிருந்த பாசியின் பச்சையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதன்பின் எந்தப் பச்சையைப் பார்த்தாலும் முதலில் ஞாபகம் வருவது அதுதான். இந்த அயர்லாந்து வேலையில் அது தினமும் வந்தது.

ஃபைலை வரி வரியாகப் படித்தேன். கூரை நன்றாக இருந்தது. தண்ணீர் நன்றாக இருந்தது. பிறகு, கையால் எழுதிய பழைய ஆவணம் ஒன்றில் அது கிடைத்தது. பக்கத்துப் பண்ணைக்காரரும் அவருடைய வாரிசுகளும், அந்த வீட்டு முற்றத்தின் வழியே, எந்நேரமும், என்றென்றைக்கும், கால்நடைகளை ஓட்டிப் போகலாம். முற்றத்துக் கேட்டை யாரும் பூட்டக் கூடாது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். சமையலறைக் கதவுக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவில் அந்த வழி. இப்போதைய பண்ணைக்காரரிடம் கறவை மாடுகள் எழுபது. பால் கறக்க அவை காலையும் மாலையும் அதன் வழியே போய்த் திரும்பும். வேறு வழி கிடையாது.

எங்கள் அறிக்கைகளில் முதல் பக்கம்தான் முக்கியம். வாங்குகிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் சிவப்பு எழுத்தில் அங்கே வரும். மீதி பின்னிணைப்புக்குப் போகும். பெரும்பாலோர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எந்த வரி எந்தப் பக்கத்துக்கு என்று முடிவு செய்வது நான். அந்த வரியை முப்பத்தெட்டாம் பக்கத்தில், செப்டிக் டேங்க் பற்றிய பத்திக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இடையில் வைத்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அறிக்கை போவதற்கு முன் வாங்குகிறவரோடு ஒருமுறை பேச வேண்டும். நம் முழுப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். சொன்னேன். மறுமுனையில் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லத் திருப்பிச் சொன்னான். தெரிந்துகொண்டான் என்று நினைத்தேன். தெரிந்துதான் கொண்டான், ஆனால் சந்தோஷமாக. பவானிபூர் கோபுவா என்று கேட்டுவிட்டு விடாமல் பேசினான். வீட்டைப் புரோமோட்டரிடம் கொடுத்துவிட்டானாம், இப்போது அங்கே ஆறு மாடியாம். ஹ்யூஸ்டன் வெயில் போதுமென்று ஆகிவிட்டதாம். கடைசிக் காலத்தைப் பச்சையைப் பார்த்துக்கொண்டு கழிக்க வேண்டுமாம்.

"நம்ப க்ரஹப்ரவேசம் ஞாபகம் இருக்கா? பசு கிடைக்காம திண்டாடினேன். உங்கப்பாதான் எங்கேருந்தோ ஓட்டிண்டு வந்தார். எப்பேர்ப்பட்ட மனுஷர். அப்புறம் நீங்கள்லாம் எப்போ காலி பண்ணிண்டு போனேள்? அதுதான் ஞாபகமே இல்லை."

பசு ஞாபகமிருந்தது அவனுக்கு. லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்டான். இல்லை என்றேன்.

"ஆத்துக்காரி பத்மஜா கேக்கச் சொன்னா. அங்கேயும் சாஸ்திரத்துக்குப் பண்ணிடணுமாம். க்ரஹப்ரவேசத்தன்னிக்கு ஒரு பசு கிடைக்குமாடா?"

"கிடைக்கும்," என்றேன். "அதுவே வரும்."

அவன் வெகுநேரம் சிரித்தான்.

ஸ்டேஷனை ஒட்டிய எங்கள் டாக்குரியா வீட்டில் அம்மா பொட்டோல் காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. விரல்கள் மட்டும் இன்னும் நிதானமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், கடல், எழுபது மாடுகள், முப்பத்தெட்டாம் பக்கம். சொல்லும்போது என் குரலில் ஒரு குதூகலம் இருந்தது எனக்கே கேட்டது. அவள் நிமிரவில்லை. ஒரு லோக்கல் ரயில் போய், இன்னொன்று வந்து நின்று, அதுவும் போனது. தோலெல்லாம் காகிதத்தில் சேர்ந்துவிட்டது.

"அன்னிக்கு அவன் கேட்டைப் பூட்டலைடா," என்றாள். "வெறுமனே சாத்தினான். நான் பார்த்துண்டுதான் இருந்தேன். தள்ளியிருந்தா திறந்திருக்கும்."

முன்னால் தோள் கொடுத்திருந்தது நான். கேட் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

அவள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பேச்சில் குற்றம் என்மீதா, அவன்மீதா, இல்லை இத்தனை வருஷம் வைத்திருந்ததைக் கீழே இறக்கி வைத்தாளா என்று தெரியவில்லை. சாப்பிடும்போதும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ப்ரியா மேஜையருகே வந்து நின்றாள். "கோபு-தா, அயர்லாந்து ஃபைல் இன்னிக்குப் போயாகணும். முதல் பக்கத்துல ஒண்ணுமே இல்லியே, அவ்ளோ பாலோ வீடா?" பாலோதான், நல்ல வீடு என்றேன். அவள் போகும்வரை காத்திருந்தேன். அந்த வரியைச் சுட்டி வெட்டி முதல் பக்கத்தில் ஒட்ட மூன்று விநாடி போதும். அது சிவப்பில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அப்பாவின் முழங்கையை நினைத்துப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அந்த இரும்பு கேட்டையும்.

அனுப்பிவிட்டேன்.

பிறகு, தேவையில்லாமல், வீட்டின் படங்களை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். முற்றம் ஈரமாக இருந்தது. சமையலறை வாசலை ஒட்டிக் குளம்புத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு பழுப்புப் பாதையாகவே ஆகியிருந்தன. முற்றத்தின் மறுகோடியில் இரும்பு கேட். விரியத் திறந்து, ஒரு நீலக் கயிற்றால் கல்சுவரோடு கட்டப்பட்டிருந்தது. கட்டி எத்தனை வருஷமோ, கம்பிகளுக்கு இடையே புல் நுழைந்து இடுப்பளவு வளர்ந்திருந்தது.