வாலால் ஆடும் ஆட்டம்

ஆந்திர, சென்னை மாநில மக்களுக்கும், எல்லைத் தாவாவில் கையொப்பமிட்ட அத்தனை பெரியவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: பில்லியர்ட்ஸ் கோலுக்குச் சொல்லும் ‘கியூ’ என்பது பிரெஞ்சில் வால்.

சித்தூர் கிளப்பில் இதைப் பிரகடனம் செய்தவர் தாசில்தார் லக்ஷ்மிநரசிம்மன். திருப்பதிக்காரர். ஆங்கில அகராதி முழுக்க மனப்பாடம். பந்தைப் பாக்கெட்டில் தள்ளத்தான் வராது.

“முன்னே தடியோட குண்டுத் தலையாலதான் பந்தைத் தள்ளினா. ஓரத்துப் பந்துக்குத் தலை சரிப்படலேன்னு வாலைத் திருப்பினா. இப்போ வால்தான் ஆட்டமே!”

“நம்ம தாலுகா கச்சேரி மாதிரின்னு சொல்லுங்க சாமி,” என்றான் மார்க்கர் உமாபதி.

புத்தூர்க்காரன். பாயின்ட் சொல்வது, ஜோடி கிடைக்காத அதிகாரியோடு ஆடித் தோற்பது அவன் உத்தியோகம். தோற்பதற்கும் முறை உண்டு. நாலைந்து பாயின்டில் தோற்க வேண்டும். அதிகமானால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். ஜெயித்தால் சீட்டுக் கிழியும். ஒன்பது வருஷமாக அவன் பந்துகள் பாக்கெட்டின் உதடுவரை போய் நாணி நின்றன.

“டென்னிஸ்னா என்ன தெரியுமோ? ‘இந்தா, வாங்கிக்கோ’ன்னு எதிராளிக்குச் சொல்ற பிரெஞ்சு வார்த்தை.”

“நம்மகிட்ட யாரும் அப்டி சொல்லிக்கினு அடிச்சதில்ல சாமி.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சம்பள உயர்வுகூடக் கேட்டறியாத அந்த மனிதன் ஏங்கியது அதற்குத்தான். எதிராளியாக, ஒரே ஒரு ஆட்டம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் எல்லைத் தாவா தீர்ந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. தாசில்தாரும் எழுதிக்கொடுத்து அங்கேயே மாற்றல் வாங்கினார். கடைசிச் சாயங்காலம் கோலை நீட்டினார்.

“நான் வந்த நாலு வருஷமா விட்டுக்கொடுக்கறே. எனக்குத் தெரியாதா? இன்னிக்கு நெஜமா ஆடு. பெருமாள் சாட்சி, கோச்சுக்க மாட்டேன்.”

“நெஜமாவா சாமி?”

“ஆடுடா!”

உமாபதி கோலை வாங்கினான். குனிந்தான். சிவப்புப் பந்து பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அடித்தான். உதடுவரை போய் நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்பது வருஷம் பழகிய கை, புது உத்தரவைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாசில்தார் ஐந்து பாயின்டில் ஜெயித்தார். முகம் சுருங்கிவிட்டது.

“கடைசி நாள்லகூட என்னை ஒரு ஆளா மதிச்சு ஆடலியேடா.”

“சாமி, சத்தியமா சொல்றேன்...”

“போறும்.”

ஜீப் ஏறிப் போய்விட்டார். தெருமுனைப் புழுதி அடங்கும்வரை உமாபதி வாசலிலேயே நின்றான்.

அடுத்து வந்த தாசில்தாருக்குச் சீட்டாட்டம்தான் தெரியும்.