மீதி இருநூற்று நாற்பது

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஸ்டானிஸ்லாஸிடம் யாரும் பணம் கேட்கமாட்டார்கள். அவராகக் கொண்டுவந்து தருவார். இப்படியொரு விதியை எவரும் எழுதி வைத்ததில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. ஆனாலும் புதிதாகக் கல்யாணமாகி அந்த வரிசை வீடுகளுக்கு வரும் பெண்கூட ஒரு மாதத்துக்குள் அதைத் தெரிந்துகொள்வாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும், அவர் வீட்டு முன்கூடத்தில் சீட்டுக் கூடும். இருபத்து நான்கு பேர், ஆளுக்குப் பத்து வெள்ளி. பெயர் எழுதிய காகிதச் சுருள்களைப் பீங்கான் குவளையில் போட்டுக் குலுக்கி ஸ்டானிஸ்லாஸ் ஒன்றை எடுப்பார். எவர் பெயர் வருகிறதோ அவருக்கு அந்த மாதத்து இருநூற்று நாற்பது வெள்ளி. ஆனால் பணம் அங்கேயே கைமாறாது. இவ்வளவு பணம் இன்னார் வீட்டில் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாமே என்று தொடக்கத்தில் யாரோ சொன்னது நாளடைவில் வழக்கமாகிவிட்டது. இரண்டு மூன்று நாள் கழித்து, கூட்ஸ் ஆபீஸ் விட்டு வரும் வழியில், அவர் அந்த வீட்டுப் படியேறுவார். பழுப்பு நிற உறை ஒன்றை மேசைமேல் வைப்பார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு வேலைக்கு மனு எழுதிக் கொடுத்த கை அவருடையது. அவரிடம் போய்ப் 'பணம் எங்கே' என்பது, சுவாமியாரிடம் போய் 'பூசையை முழுவதும் சொன்னீர்களா' என்பதற்குச் சமம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு மே மாதச் சுருளில் வாலண்டைனின் பெயர் வந்தது.

அது வரவேண்டிய நேரத்தில் வந்ததாகவே அவனுக்குத் தோன்றியது. ரயில்வே பட்டறையில் பதினோரு ஆண்டுகள் எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவனை மார்ச்சில் ஆட்குறைப்புப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஜூன் நடுவில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் வேறு பிழைப்பு அமையாவிட்டால், அரசாங்கம் இலவசமாக ஏற்றிவிடும் கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்க வேண்டியதுதான். அங்கே அவனுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை, முகம் தெரிந்த ஒருவரும் இல்லை. கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் எண்பது வெள்ளி மட்டும் மீந்திருந்தது.

சீட்டுக் கூடி நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை, கிள்ளானில் ஒரு பழைய பஸ் ஏலத்துக்கு வந்தது. ஏழு பேர் உட்காரும் சின்ன வண்டி. தவணை கட்ட முடியாத ஒரு சீனரிடமிருந்து பறித்தது. செய்தி சொல்லி அனுப்பியவன் தம்புசாமி. லோரி ஓட்டிக்கொண்டிருந்து வேலை போனவன், லைசென்ஸ் உள்ளவன். வாலண்டைன் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது, தம்புசாமி ஓட்டுவது, கிள்ளானிலிருந்து கேரி தீவுப் படகுத்துறை வரை ஒரு நாளைக்கு ஆறு நடை என்பது ஏற்பாடு.

"பிட்டரண்ணே, எஞ்சின் என்னமா இருமுது பாருங்க. காச நோய் பிடிச்ச மாதிரி," என்றான் தம்புசாமி.

வாலண்டைன் மூடியைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டான். "வால்வு உக்காரல. ரெண்டு நாள் வேலை. நீ சத்தமா நல்லா இல்லன்னு சொல்லு, நாலு பேரு கேக்கட்டும், விலை ஏறாது."

"நான் சொன்னா எவன் கேப்பான்? என் பொண்டாட்டியே கேக்க மாட்டா லா."

ஏல நிபந்தனைகளைக் குமாஸ்தா கார்த்திகேசு தமிழிலும் ஒருமுறை வாசித்தார். சுத்தியல் விழுந்ததும் காற்பங்கு கையோடு கட்ட வேண்டும். மீதியை ஏழாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய காற்பங்கு திரும்பாது, வண்டி அடுத்த விலை கேட்டவருக்குப் போகும். வாலண்டைன் இரண்டையும் கூட்டிப் பார்த்தான். கையில் எண்பது, வரவேண்டியது இருநூற்று நாற்பது. முந்நூற்று இருபதுக்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கேட்க அவனால் முடியாது. பந்திங்கிலிருந்து வந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவர், முந்நூற்றுப் பத்தில் நின்றார். வாலண்டைன் முந்நூற்று இருபது என்றான். சுத்தியல் விழுந்தது. காற்பங்கான எண்பது வெள்ளியை அங்கேயே கட்டினான்.

புதன்கிழமைக்குள் வரவேண்டிய உறை அன்றுவரை வந்திருக்கவில்லை. அதை அவன் பொருட்படுத்தவில்லை. பதினோரு ஆண்டுகளில் வராமல் போன உறை ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை மாலை அவன் மனைவி ஜோசஃபின் காப்பிக்குப் பால் எடுத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். ஸ்டானிஸ்லாஸ் குடையை விரித்தபடி எதிர்ப்பக்க நடைபாதையில் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் வாலண்டைன் வேண்டுமென்றே அவர் அருகில் போய் நின்றான்.

"தோத்திரம் அண்ணே."

"தோத்திரம், தோத்திரம். பிள்ளைக்கு இருமல் தேவலையா?"

"தேவலை அண்ணே. கிள்ளான்ல ஒரு பஸ் எடுத்திருக்கேன், ஏலத்துல. முன்பணம் கட்டியாச்சு. வர்ற வியாழக்கிழமை மதியம்தான் கெடு."

இதைவிடத் தெளிவாக, கேட்காமல் கேட்க அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டானிஸ்லாஸ் அவன் தோளில் கை வைத்தார்.

"நல்ல காரியம் செஞ்சே. ஆண்டவர் வழிவிடுவார்," என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்து நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வாலண்டைன் கிள்ளானுக்கு ரயில் ஏறினான். தம்புசாமி ஸ்டேஷன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"பணம் வந்துச்சா?"

"வரும்."

"எவன்கிட்ட இருக்கு?"

"பெரியவரு ஒருத்தர்கிட்ட. அவரே கொண்டாந்து தருவாரு."

"எதுக்கு அவரு கொண்டாரணும்? உங்களுக்குக் காலு இல்லையா? போயி, ஐயா நம்ம காசு எங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"அப்படிக் கேக்கற பழக்கம் எங்ககிட்ட இல்ல."

தம்புசாமி அவனை மேலும் கீழும் பார்த்தான். "நல்ல பழக்கம் அண்ணே. பஸ்ஸுக்குள்ள அதை எண்ணெய்க்குப் பதிலா ஊத்தி ஓட்டலாம்."

பின்பு அவனே வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒரு செட்டியார் கடைக்கு அழைத்துப் போனான். கணக்குப்பெட்டிக்குப் பின்னால் இருந்த மேலாள் மரியாதையாகவே பேசினார்.

"வண்டி ரெஜிஸ்டர் யார் பேர்ல இருக்கு?"

"மீதிப் பணம் கட்டினாத்தாங்க என் பேருக்கு மாத்துவாங்க."

"மாத்திட்டு வாங்க. அதை ஈடா வச்சுக்கிட்டுத் தாராளமாத் தர்றேன்."

"மாத்தறதுக்குத்தாங்க பணமே கேக்கறேன்."

"அது எனக்கும் புரியுது," என்றார் மேலாள். அவர் பின்னால் சுவரோரமாகத் தோட்டப் பத்திரங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ரப்பர் விலை விழுந்தபின் திருப்ப ஆளில்லாத ஈடுகள் அவை. "காகிதத்தை வாங்கி வாங்கி நாங்களே காகிதத்துல உக்காந்திருக்கோம், தம்பி."

திரும்பும் ரயிலில் வாலண்டைன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். சீட்டில் இருந்த இருபத்து நால்வரில் எத்தனை பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்? கிரிகரி குடும்பத்தோடு ஜனவரியில் கப்பலேறினான். அவன் பெட்டியை ஸ்டேஷன்வரை சுமந்தது வாலண்டைன்தான். பிப்ரவரியில் இரண்டு பேர், மார்ச்சில் மூன்று பேர், ஏப்ரலில் ஒருவர். ஆக ஏழு பேர். ஒவ்வொரு முறையும் "அவன் பங்கை நான் பாத்துக்கறேன்" என்று ஸ்டானிஸ்லாஸ் சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள். முதலில் தன் சம்பளத்திலிருந்து போட்டிருப்பார். கூட்ஸ் ஆபீசில் சம்பளத்தைக் குறைத்தபின் அதுவும் முடிந்திருக்காது. பிறகு ஒவ்வொரு உறையிலும் குறைந்ததைக் கடன் வாங்கி நிரப்பி, அடுத்த மாதப் பணத்தில் அடைத்திருப்பார். குறை கூடிக் கூடி மே மாதம் வந்த பணம் முழுவதையும் விழுங்கியிருக்கும். இப்போது அந்த வீட்டில் வாலண்டைனுக்கென்று எதுவும் இருக்க வழியில்லை.

இவ்வளவு எளிய கணக்கை ஏலத்துக்கு முன்பே ஏன் போடவில்லை என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். கணக்குப் போடுவதே பாதி கேட்பது என்று உள்ளுக்குள் எதுவோ தடுத்திருக்கிறது. குவார்ட்டர்ஸில் இதை அறியாதவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். அறிந்ததை அறியாததுபோல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களில் அவனும் ஒருவன்.

புதன்கிழமை ஜோசஃபின் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க போக வேணாம். நான் போய்க் கேக்கறேன்."

"உக்காரு. ஞானஸ்நானத்துல நம்ம பிள்ளைய ஏந்தின ஞானத்தகப்பன் அவரு."

"அதனாலதான் கேக்கறேன். அந்தப் பிள்ளையத்தானே கப்பல்ல ஏத்தப் போறோம்?"

"இருந்தா தந்திருப்பாரு, ஜோசஃபின்."

"இல்லன்னாவது சொல்லலாமில்ல?"

அவன் கதவை மறித்துக்கொண்டு நின்றான். அவள் போகவில்லை.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஏலக் கடையில் கார்த்திகேசுவின் மேசைமுன் நின்றான். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காசு கொண்டு வந்தனீரோ?"

"பத்து நாள் தவணை வேணும் ஐயா. வட்டி போட்டுக்குங்க."

"நான் கூலிக்கு எழுதுற ஆள், தம்பி. துரை கேட்டால் நான் என்ன சொல்லுறது? கொஞ்சமெண்டாலும் இருக்கோ?"

"இல்லீங்க."

"ஒண்டும் இல்லாமலோ ஏலம் கேட்டனீர்?" அவர் குரலில் ஏளனம் இல்லை, உண்மையாகவே வியந்தார். கடிகாரம் பன்னிரண்டைக் காட்டும்வரை அவனை உட்காரச் சொன்னார். அது ஒன்றே அவரால் செய்ய முடிந்த உதவி. பன்னிரண்டு அடித்ததும் பேனாவை மையில் தொட்டு அவன் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

பந்திங் தவுக்கே முந்நூற்றுப் பத்தை நோட்டுகளாகவே கொண்டுவந்திருந்தார். வண்டியை எடுத்துப் போக அவருக்கு ஓட்டுநர் தேவைப்பட்டது. தம்புசாமி தெருவைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணே, என்னைக் கேக்கறான். மாசம் இருபது வெள்ளியாம்."

"போ."

"மனசுல வச்சுக்காதீங்க. எனக்கும் மூணு பிள்ளைங்க."

"போடா, வால்வை மட்டும் பாத்துக்கச் சொல்லு."

தம்புசாமி ஏறி உட்கார்ந்தான். வண்டி இருமிக்கொண்டே தெருமுனை திரும்பியது. எண்பது வெள்ளியும் அதோடு போயிற்று.

அடுத்து வந்த மூன்று வாரங்களில் உறை வரவில்லை, வாலண்டைனும் போகவில்லை. கப்பலுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. தன் கருவிகளான அரங்களையும் பட்டறைப் பிடியையும் ஒரு சீனக் கடையில் பன்னிரண்டு வெள்ளிக்கு விற்றான். சீட்டுப் பெயர் வந்தவன் அதன்பிறகும் மாதாமாதம் கட்டியாக வேண்டும். ஜூன் முதல் ஞாயிறு அந்தப் பன்னிரண்டிலிருந்து பத்து வெள்ளியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு நடந்தான். ஜோசஃபின் கூட வந்தாள்.

முன்கூடத்தில் பதினாறு பேர் இருந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் அந்த ஒரு மாதத்தில் மெலிந்திருந்தார். கோட்டு அவர்மேல் தொங்கியது. குவளையைக் குலுக்கி ஒரு சுருளை எடுத்துப் பிரித்தார்.

"பிலோமினா."

பிலோமினா, பிரேக்மேனாக இருந்து இறந்துபோனவரின் மனைவி. தையல் தைத்து இரண்டு பெண்களை வளர்த்தவள். இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாதாவே! பெரியவளுக்குப் பாத்த ரவாங் மாப்பிள்ளை வீட்டுக்கு நாளைக்கே சொல்லி அனுப்பிடறேன். கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிச்சிடலாம். வளையலுக்கு அந்த ஆசாரிகிட்ட முன்பணம் கட்டிடறேன், கைல இருக்கறதை வச்சு."

"அக்கா, எங்களுக்குக் கோழி பிரியாணி உண்டுல்ல?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டானிஸ்லாஸும் சிரித்தார். பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து, வழக்கம்போல் முதல் பெயரைப் பார்த்து, அந்த மாதப் பணத்துக்காகக் கையை நீட்டினார்.

"வாலண்டைன்."

வாலண்டைன் எழுந்தான். மடித்த பத்து வெள்ளி நோட்டு கையில் இருந்தது. நீட்டிய அந்தக் கையைப் பார்த்தான். அந்தக் கைமேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. கேட்பதால் பஸ் திரும்பப்போவதில்லை, எண்பது வெள்ளியும் வரப்போவதில்லை, கப்பலும் நிற்கப்போவதில்லை. ஆசாரிக்குக் கட்டப்போகும் முன்பணத்தைப் பற்றி மட்டுமே அவன் நினைத்தான்.

"பிலோமினாக்கா, ஆசாரிகிட்டப் போகாதீங்க," என்றான்.

சிரிப்பு நின்றது. யாரோ "வாலண்டைன், உக்காரு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை. பத்து வெள்ளியைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தான். கூடத்தின் கடைசியில் இருப்பவருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக, கேட்டான்.

"ஸ்டானிஸ்லாஸ் அண்ணே, என் பணம் எங்கே?"