கணக்கில் சேராத புகை

இணுவில் வாசிகசாலையின் மொட்டைமாடியில் காற்று உறிஞ்சும் கருவியைத் திறந்த தயாளினிக்கு அழுகை வரும்போலிருந்தது. நேற்றுக் காலை வெள்ளையாக வைத்த வடிதாள் இன்று கரிபிடித்த அடுப்படிச் சுவரின் நிறத்தில் இருந்தது. மார்கழியில் கடல் தாண்டி வரும் மாசில் எவ்வளவு காபன் இருக்கிறதென்று அறிவதுதான் அவளுடைய ஆய்வு. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் ஒருநாள் முழுக்கத் தாளில் படியும். கொழும்பு ஆய்வுகூடத்தில் அதில் நகமளவு வெட்டிச் சூடாக்கி அளப்பார்கள். அந்த மாசைக் கொண்டுவரும் காற்று வீசும் நாட்களோ கொஞ்சம். ஒன்று மின்வெட்டில் போனது, இன்னொன்று மழையில். இது, மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி எரித்த குப்பையில். இன்றும் அங்கே புகைந்துகொண்டிருந்தது.

தாளை மூடிபோட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து எடுத்துக்கொண்டு இறங்கி, மதிலடிக்குப் போனாள்.

“அன்ரி, எரிக்க வேண்டாமெண்டு போன கிழமையும் சொன்னனான்.”

“என்ன பிள்ளை செய்ய? குப்பை எடுக்கிற ட்ரக்டர் உந்த ஒழுங்கைக்குள்ளை வராது. இவர் படுக்கையிலை. இவருக்குக் கட்டுற பம்பேர்ஸையெல்லாம் வீட்டுக்குள்ளை வைச்சிருக்கட்டோ?”

கோபத்தில் தயாளினி கிண்ணத்தை நீட்டினாள். குணலட்சுமி குனிந்து தாளைப் பார்த்தாள்.

“உது ஒருநாளையிலையோ?”

“ஓம்.”

உள்ளே அவள் கணவர் இருமினார்.

“அப்ப அந்த மனுசன்ரை நெஞ்சு?”

தயாளினி நீட்டிய கிண்ணத்தைத் தாழ்த்தினாள். தாள் பழுதாய்ப் போனதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

மேலே ஏறி, ஆய்வை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“பக்கத்துப் புகை பட்டதை எறியும் தயாளினி. அதைக் கணக்கிலை சேர்க்கேலாது.”

“சேர், இஞ்சத்தைச் சனம் இதைத்தானே சுவாசிக்குது.”

“ஓம். ஆனா அது வேறை ஆய்வு.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தாளை எறியவில்லை, ஈயத்தாளில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு புதுத்தாளைப் பொருத்திக் கருவியை இயக்கினாள்.

கீழே குணலட்சுமி கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குப்பையில் ஊற்றினாள்.

“நூத்திட்டன் பிள்ளை,” என்றாள் அண்ணாந்து பார்த்து.

நனைந்த குவியலிலிருந்து முன்னையதைவிடத் தடித்த வெண்புகை கிளம்பி மதிலுக்கு மேலே ஏறியது. குணலட்சுமி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் வீட்டு யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போனாள்.