நல்லாயிடும்

கென்யாவிலிருந்து ஆவடியில் ஒரு கிறிஸ்தவ சபைக்கு ஊழியம் செய்ய வந்த வாஞ்சிருவுக்கு முதல் சில வாரங்கள் நரகமாகத்தான் இருந்தன. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் இறங்கினால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால், அவள் நிறத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று சொந்தக்காரர்கள் குடிவர இருந்தார்கள். கடைசியில் அதே சபையில் ஊழியம் செய்த அருள்செல்விதான் தன் வீட்டு மாடி அறையில் அவளைத் தங்கவைத்தாள்.

ஊரில் அவளை வழியனுப்பியபோது சபையே எழுந்து நின்று பாடியது. இங்கே அவள் செய்ததெல்லாம் அருள்செல்வியின் பின்னால் வீடு வீடாகப் போய், சிரித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்ததுதான்.

வெள்ளானூரில் சின்னப்பையன் என்பவர் வீட்டுக்கும் அப்படித்தான் போனார்கள். தொழிற்பேட்டையில் வாட்ச்மேனாக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், டயாலிசிஸ்தான் அவரை ஓட்டிக்கொண்டிருந்தது. மனைவி முனியம்மா கோயில், தர்கா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த வரிசையில்தான் இவர்களையும் கூப்பிட்டிருந்தாள்.

வாஞ்சிரு ஆங்கிலத்தில் ஜெபித்தாள், அருள்செல்வி தமிழில் சொன்னாள். முடித்து எழும்போது, தானாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாஞ்சிருவுக்கு ஆசை வந்தது. அழும் குழந்தைகளிடம் அருள்செல்வி சொல்லும் ஒரு சொல் அவளுக்குத் தெரியும். சின்னப்பையனின் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிடும்" என்றாள்.

"இன்னாம்மா இது, சீமையிலேர்ந்து வந்த பொண்ணு தமிழ்ல சொல்லுது!" முனியம்மா அவள் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சின்னப்பையனும் சிரித்தார். அன்று மாலை வாஞ்சிரு தன் அம்மாவுக்குப் போன் செய்து, தமிழில் பேசிவிட்டேன் என்று பீற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அருள்செல்விக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. பிறகு வந்தது சாவுச் செய்திதான்.

இருவரும் ஓடினார்கள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முனியம்மா வாஞ்சிருவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வா தாயீ. நல்லாயிடும்னு நீ சொன்னதிலேர்ந்து அந்தாளு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னுட்டாரு. சாமியே சொல்லிட்சி, இன்னும் எதுக்கு ஊசின்றாரு. மூச்சு வாங்கிகினு கீறாரு, அப்பவும் அதையேதான் சொன்னாரு. இன்னா பண்றது, ஆண்டவன் மனசு மாறிட்சி."

அவள் குரலில் கோபமே இல்லை.

"என்ன சொல்கிறார்?" என்று வாஞ்சிரு ஆங்கிலத்தில் கேட்டாள்.

"துக்கத்துல ஏதோ பேசறாங்க."

"ஒரு சொல் எனக்குப் புரிந்தது, செல்வி. மிச்சத்தையும் சொல்."

அருள்செல்வி தாழ்ந்த குரலில் சொன்னாள். பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வாஞ்சிரு முனியம்மாவின் முன்னால் மண்டியிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னாள்.

"கடவுள் சொல்லல. நான் சொன்னேன். எனக்குத் தெரியாது. என் தப்பு."

முனியம்மாவுக்கு அது உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்ததும் அவள் முகம் கோணியது.

"அப்போ எதுக்குடி சொன்ன? எதுக்குடி சொன்ன?"

இரண்டு கையாலும் வாஞ்சிருவின் மார்பில் அறைந்தாள். வாஞ்சிரு விலகவில்லை. மகன் கிஷோர் ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டு, "வெளிய போங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினான்.

ஷேர் ஆட்டோவில் வெகுதூரம் வந்தபிறகுதான் அருள்செல்வி வாயைத் திறந்தாள். "ஆண்டவன் சித்தம்னு அவங்க மனசைத் தேத்திக்கிட்டிருந்தாங்க. அதையும் பிடுங்கிட்டியே."



ஊருக்குத் திரும்புகிறாயா என்று போதகர் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். காரியத்தன்று தனியாகவே வெள்ளானூருக்குப் போனாள். வாசலில் நின்றவளைக் கிஷோர் பார்த்தான். கதவைச் சாத்தினான்.